ஆதிமனிதன் தின்ற புல்லும் சத்துவாச்சாரி மாமாவின் பல்லும்

தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. இதை வியாதி என்பாள் அம்மா. திமிர் என்பாள் அக்கா. சுத்தமாகத் தெரியாத விஷயம் என்றால் பிரச்சினையே இல்லை, வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அரைகுறையாகத் தெரிந்ததுதான் ஆபத்து. அது தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும். யாரும் கேட்காவிட்டால் தானாகவே வெளியே வந்துவிடும்.

அப்படி வெளியே வந்த ஒன்றால் என் அக்கா ஜெயந்தியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். மனித மூதாதைகளின் புதைபடிவப் பற்களை வைத்து, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. எங்கள் ஊர் ஆம்பூரில் கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா 'பல்லு ஆராய்ச்சி' என்று சுருக்கமாகச் சொல்லிவைத்ததில், தெருவில் பாதிப் பேர் என்னைப் பல் டாக்டர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். லீவுக்கு வந்தால் போதும், கடைவாயைத் திறந்து காட்டி மாத்திரை கேட்பார்கள். (எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் வாய்க்குள் எட்டிப் பார்க்காமல் யாரையும் அனுப்பியதும் இல்லை.)

உண்மையைச் சொன்னால், நான் ஒரே ஒரு நிஜப் புதைபடிவப் பல்லைக்கூடத் தொட்டவள் இல்லை. எங்கெங்கோ அருங்காட்சியகங்களில் பூட்டி வைத்திருக்கும் பற்களின் அச்சுகள் டப்பாவில் எங்களுக்கு வரும். துடைத்து, லேபிள் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்து, பல்லின் மேல் எத்தனை கீறல், எத்தனை குழி என்று எண்ண வேண்டும். காலை முதல் மாலை வரை இதே வேலைதான். கொட்டை, விதை மாதிரி கெட்டியானதைக் கடித்தால் குழி விழும். புல், தழை மாதிரி நார் உள்ளதை அரைத்தால் கீறல் விழும். கடைசிச் சில நாட்களோ வாரங்களோ அந்த ஆள் என்ன தின்றான் என்பது இப்படிப் பல்லிலேயே எழுதியிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. நம் மூதாதை வகையறாவில் ஒருவருக்கு அம்மிக்கல் மாதிரி கடைவாய்ப் பற்கள், மாட்டுவண்டி நுகத்தடி மாதிரி தாடை. பார்த்தவர்கள் எல்லாம், 'இவன் கொட்டை உடைத்தே காலம் தள்ளியிருப்பான்' என்று நினைத்தார்கள். பல்லின் மேற்பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், கொட்டை உடைத்ததற்கான குழிகளைக் காணோம். பல் எனாமலை ரசாயனச் சோதனை செய்தால், ஐயா முக்கியமாகச் சாப்பிட்டது புல்லும் கோரையுமாம். அவ்வளவு பெரிய தாடையை வைத்துக்கொண்டு மனிதர் மேய்ந்திருக்கிறார். ஆளின் வாயைப் பார்த்து அவன் சாப்பாட்டைச் சொல்லக் கூடாது என்பதுதான் இதில் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம். நான் கற்றுக்கொண்டது வேறு. 'பல் பொய் சொல்லாது' என்று ஒரு வாசகத்தை நானே தயாரித்து, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இப்போது வாழ்கிற பத்துப் பேரின் மேல்வரிசைப் பற்களை அச்செடுத்து வரச் சொல்லியிருந்தார் எங்கள் பேராசிரியர். கூடவே ஒரு வாரம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு இரண்டு டப்பா கொடுத்திருந்தார். ஒன்றில் நீல மாவு, ஒன்றில் வெள்ளை மாவு. இரண்டையும் சம அளவு எடுத்துச் சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைந்து பல்லில் அழுத்தினால், நான்கே நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும்.

ஆம்பூருக்கு வந்து ஒரே வாரத்தில் ஒன்பது பேரை முடித்துவிட்டேன். அப்பா, அம்மா, எதிர் வீட்டில் மூன்று பேர், பின் வீட்டில் மூன்று பேர். ஒன்பதாவது, பக்கத்து வீட்டு நஸீமா அக்கா. "ஜாஸ்தி நேரம் ஆவுமா புனிதா? அடுப்புல தால்ச்சா கீது" என்று கேட்டுக்கொண்டே வாயைத் திறந்தார். பத்தாவது வாய்தான் கிடைக்கவில்லை. அக்காவிடம் கேட்டேன். "என் பல்ல தொட்டினா உன் பல்ல உடைப்பேன்" என்றாள்.

அக்காவின் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அவள் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங்கில் இருந்தாள். மேசையில் தோலை விரித்தால், எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எங்கே முள் கிழித்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லி, சாக்பீஸால் வட்டம் போடுவாள். அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார் சுரேஷ். அவள் போட்ட வட்டங்களைச் சுற்றி வெட்டி வெட்டியே காதல் வந்துவிட்டதாம். சுரேஷின் அப்பா தேவராஜ், சத்துவாச்சாரியில் குடியிருக்கும் ரிட்டையர்டு பி.டி. மாஸ்டர். மருமகள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று மூன்று வருடம் பிடிவாதமாக நின்றார். சுரேஷ் பட்டினி கிடந்து (சரி, வீட்டுக்குப் போகும்போது மட்டும் கம்மியாகச் சாப்பிட்டு) ஒருவழியாக அவரை இறங்கி வரவைத்தார். "வர்றேன். பாக்கறேன். அவ்ளோதான். புடிக்கலன்னா அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்பது அவருடைய நிபந்தனை. சுரேஷும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆக, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவுக்கு.

சனிக்கிழமை அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "புனிதா, நாளைக்கு நீ இன்னா வேணா பண்ணு. வாயத் தொறக்காத."

"சரிக்கா."

"பல்லு, எலும்பு, ஆதிவாசி, ஒண்ணும் வரக் கூடாது."

"ஆதிவாசி இல்லக்கா, மனித மூதாதை. ரெண்டும் வேற வேற…"

"இதத்தான் சொல்றேன்" என்றாள் அக்கா.

மறுநாள் பதினொன்றரைக்கு வந்தார்கள். தேவராஜ் மாமா உள்ளே நுழைந்ததும் வீடே அட்டென்ஷனில் நின்றது. வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். சிரித்தால் மேல்வரிசை முழுவதும் பளீரென்று தெரியும். அவர் பின்னால் சுரேஷின் அம்மா லில்லி அத்தை மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு வந்தார். சுரேஷ் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. அக்கா காபி கொடுத்தாள். மாமா அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார், அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். மாமா தலையை லேசாக ஆட்டினார். அப்பா அதைப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அப்பா மரியாதைக்கு, "சார் ஒடம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

"அறுபத்திரண்டு வயசு" என்றார் மாமா. "ஒரு பல்லு ஆடல. இன்னைக்கும் கரும்ப பல்லாலதான் உரிப்பேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு முறுக்கு கடிக்கவே வலிக்குது."

லில்லி அத்தை மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கோ ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்திருந்தது: அறுபத்திரண்டு வயது, ஒரிஜினல் பல், முழு வரிசை. பத்தாவது வாய் தானாக நடந்து வீட்டுக்கே வந்திருக்கிறது.

"மாமா, உங்க பல்ல நான் பாக்கலாமா?" என்றேன்.

அக்கா காபித் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமா திடுக்கிட்டுத்தான் போனார். ஆனால் கரும்பு உரிக்கிற மனிதர் எப்படி மாட்டேன் என்பார்? "பாரும்மா, இன்னா இருக்கு" என்று வாயைத் திறந்தார். செல்போன் டார்ச்சை அடித்து, பையில் இருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அடேயப்பா! கடைவாய்ப் பற்கள் நெடுகக் கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக, வரைந்து வைத்தது போல. ஒரு குழிகூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"மாமா, நீங்க எலும்பு கடிக்கிற ஆளே இல்ல."

"யாரு, நானா? ஆட்டுக்கால் எலும்ப பொடி பண்ணுவேன்மா."

"இல்ல மாமா. பல் பொய் சொல்லாது. இந்தக் கோடெல்லாம் தழை, கீரை, புல்லு சாப்பிடறவங்களுக்குத்தான் வரும். எங்க லேப்ல ஒரு மூதாதை இருக்காரு, தாடை உங்கள மாதிரியே பெருசு. அவரும் கோரைப்புல்தான்."

பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அப்பாவைப் புல் தின்கிறவர் என்று சொன்ன முதல் மச்சினி நானாகத்தான் இருப்பேன். சுரேஷ் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அடுப்படியில் இருந்து கரண்டியோடு வந்து நின்றாள். மாமாவின் மீசை துடித்தது. நிலைமை கைமீறிப் போகிறது என்று எனக்கே புரிந்தது. ஆனால் புத்தி என்ன சொன்னது தெரியுமா? ஆதாரம் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றது.

"அச்செடுத்து நுண்ணோக்கில வெச்சுப் பாத்தா துல்லியமா சொல்லிடலாம் மாமா. நாலே நிமிஷம்."

"வேணாம்மா, அவருக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்றார் லில்லி அத்தை அவசரமாக. "சாப்ட்டுட்டு அப்புறமா பாத்துக்கலாமே."

"சாப்பாட்டுக்கு முன்னாடிதான் அத்தை எடுக்கணும். அப்பதான் பல்லு சுத்தமா இருக்கும்" என்று அவருக்கும் பாடம் எடுத்தேன்.

எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். மறுத்தால் கரும்புப் பேச்சு என்ன ஆவது? "எடு" என்றார், தண்டனைக்குத் தயாரானவர் போல. நான் விதிமுறைப்படி சம்மதப் படிவத்தை நீட்டி, இரண்டு இடத்தில் கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டேன். நீலத்தையும் வெள்ளையையும் பிசைந்து மேல்வரிசையில் வைத்து நன்றாக அழுத்தினேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன். ஈறைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. பேச முடியாமல் மாமா கண்ணை உருட்டினார். வாய் நிறைய ரப்பர் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று, "மூக்கால மூச்சு விடுங்க மாமா" என்று தைரியம் சொன்னேன்.

நான்கு நிமிடம் ஆனது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மாமா என் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். வலிக்கும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காலை ஊன்றி இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

'பிளக்' என்று ஒரு சத்தம். அச்சு என் கைக்கு வந்தது. அதற்குள் மாமாவின் மேல்வரிசைப் பற்களும், இளஞ்சிவப்பு ஈறும், மேலண்ணமும் ஒட்டுமொத்தமாக வந்திருந்தன.

ஒரு விநாடி, நான் ஒரு மனிதரின் தாடையையே பெயர்த்து எடுத்துவிட்டேன் என்றுதான் நம்பினேன். அலறிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது பல் செட். லில்லி அத்தையைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆம்பூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த சுரேஷுக்கே தெரியாது. பொங்கலுக்குப் பிறகு, வாக்கிங் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போய்க் கட்டிக்கொண்டு வந்தாராம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமாவின் கன்னம் உள்ளே போய், மேலுதடு மடிந்து, மீசை தொங்கிவிட்டது. வந்தபோது இருந்த மனிதரே இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தவர், முதலில் தென்பட்ட கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அது எங்கள் பீரோ இருக்கிற அறை. பத்து நிமிடம் தட்டிப் பார்த்தோம்.

"வண்டியக் கூப்புடு சுரேஷ். கௌம்பலாம்" என்றார் லில்லி அத்தை. என் பக்கம் திரும்பி, "முப்பத்தஞ்சு வருஷம் விசில் ஊதுன வாயும்மா அது" என்றார். எனக்கு அப்போதே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. மூன்று வருடம் காத்திருந்தவளின் கல்யாணத்தை நான்கு நிமிடத்தில் முடித்துவைத்துவிட்டேன். அதற்குச் சம்மதப் படிவம் வேறு.

அக்கா என் கையில் இருந்த நீலக் கட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். தன் கம்பெனிப் பையிலிருந்து, லைனிங் ஓரம் வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். "அழுவாத. டார்ச்ச புடி" என்றாள்.

இறுகிப்போன ரப்பர் செட்டின் சந்து பொந்தெல்லாம் புகுந்திருந்தது. கொஞ்சம் அழுத்தினால் செட் உடைந்துவிடும். அக்கா, ஏற்றுமதிக்குப் போகிற தோலின் ஓரத்தைச் செதுக்குவது போல, இழை இழையாக வெட்டி எடுத்தாள். ஒவ்வொரு பல்லாக வெளியே வந்தது. பாதியில் நிறுத்தி, கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதப் பாத்துதான் புல்லுன்னு சொன்னியா?"

"ம்."

"எல்லாக் கோடும் ஒரே பக்கமா போவுது பாரு. இது மெஷின் கோடுடி. பாலிஷ் போட்ட கோடு. முள்ளு கிழிச்ச கோடு இப்படி நேரா போவுமா? ஆடு இப்படி ஓடும், அப்படித் திரும்பும், கோடும் வளைஞ்சு நெளிஞ்சுதான் இருக்கும். எங்க செக்ஷன்ல நேத்து சேந்த பொண்ணுக்குக்கூடத் தெரியும். நீ இன்னாதான் படிச்ச?"

இரண்டு வருடம் நுண்ணோக்கியில் கண்ணைப் பூத்துப்போக வைத்துக்கொண்டவள், டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தேன். (பிற்பாடு பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். மண்ணில் உருண்டும், சுத்தம் செய்கிறவர்களின் தூரிகை பட்டும் புதைபடிவத்திலும் பொய்க் கீறல்கள் விழும், முதலில் அவற்றைத்தான் ஒதுக்க வேண்டும், இதை உனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன் என்றார். சொல்லியிருப்பார். நான் அப்போது யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருந்திருப்பேன்.)

அக்கா செட்டைக் கழுவி, புதுக் கர்ச்சீப் ஒன்றில் சுற்றினாள். எல்லோரும் கூடத்தில் நிற்க, பீரோ அறைக் கதவருகே போய் மெதுவாகத் தட்டினாள். "மாமா, நான் ஜெயந்தி. ஒண்ணும் ஆவல. கழுவி வெச்சிருக்கேன். கதவ கொஞ்சமா தொறங்க, போதும்."

கதவு ஒரு ஜாண் திறந்தது. அக்கா முகத்தை முழுக்க எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டினாள். கர்ச்சீப் போனது. கதவு மூடியது. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், தட்டுகளை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாமா வெளியே வந்தார். மீசை பழைய இடத்துக்கு வந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் பாயில் உட்கார்ந்தார். "பசிக்குது" என்றார். அம்மா பிரியாணியை வைத்தாள். கத்தரிக்காயை வைத்தாள். பீஸ் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள். "எலும்பாவே வைம்மா" என்றார் மாமா. வைத்தாள். அறையே கேட்கும்படி ஒரு கடி கடித்தார். செட் தாங்கியது. முழுத் தட்டையும் முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இந்த வீட்ல எல்லாரும் என் வாயப் பாத்தாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் வேற பக்கம் பாத்துச்சு." தண்ணீர் குடித்தார். "தேதி குறிங்க."

அப்பா கர்ச்சீப்பைத் தேடினார். சுரேஷிடம் இருந்ததை வாங்கிக்கொண்டார். அக்கா அடுப்படிக்குள்ளேயே நின்று, சத்தம் வராமல் அழுதாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். ஓர் உதை விட்டாள். அப்புறம் அவளும் கட்டிக்கொண்டாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அந்த ஞாயிறு வரைக்கும் ஒளித்து வைத்திருந்த விஷயம், அன்றைக்குப் பிறகு மாமாவுக்குப் பெருமையாகவே ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, எந்த விசேஷமாக இருந்தாலும் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, "சம்மதப் படிவம் கொண்டாந்தியா?" என்று கேட்பார். பந்தியில் நான் உட்கார்ந்தால், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அந்தப் பாப்பாவுக்குக் கொத்தமல்லித் தழை ஒரு கட்டு அப்படியே வை" என்பார். அன்றைய நீல ரப்பர்த் துண்டுகள் சத்துவாச்சாரி வீட்டு ஷோகேஸில், மாமாவின் விளையாட்டுக் கோப்பைகளுக்கு நடுவில் இருக்கின்றன.

என்னைப் பெண் பார்க்க ஆலங்காயத்திலிருந்து வந்தபோது, எங்கள் பக்கத்துப் பெரிய மனிதராக மாமாதான் நடுவில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். நல்ல வரிசையான பற்கள். மாமா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"அண்ணே, பொண்ண பத்தி ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். அப்புறம் மறைச்சிட்டீங்கன்னு சொல்லக் கூடாது" என்றவர், எல்லோர் எதிரிலும் தன் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டி, மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்கு மேல்வரிசை. உங்களுக்கு?"

மாப்பிள்ளையின் அப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கீழ" என்றார்.

கீழ்த்தாடையைப் பற்றி அந்த நேரத்தில் எனக்கு ஏராளமாகத் தெரிந்திருந்தது. பல் போன பிறகு எலும்பு எப்படிக் கரையும், பல்லே இல்லாமல் வாழ்ந்த மூதாதைகள் எதைத் தின்று பிழைத்திருப்பார்கள், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றன. அடுப்படி வாசலில் இருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. தேதி குறித்தார்கள்.